தவிட்டுக் கிரயம்

புருவம் கிழிந்து, ரத்தம் கன்னத்தில் வழிய என் வாசலில் வந்து நின்ற தங்கை கணவர் முதலில் கேட்டது பஞ்சை அல்ல, பத்திரத்தாளை.

"மதினி, ஒருத்தன் என் பிள்ளையே இல்லைன்னு எழுதறதுக்கு எந்தப் பத்திரம் வாங்கணும்?"

"முதல்ல ரத்தம் நிக்கட்டும் மாப்பிள்ளை. ரத்தம் பட்ட தாளைப் பதிவுக்கு எடுக்க மாட்டாங்க."

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் பலர் வாயால் கேட்டிருந்தது அதற்கு ஒரு காரணம். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு உயில், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், பாஸ்போர்ட், ஓய்வூதியம் எதுவானாலும் என் வாசல்தான். யாரும் என் நலம் விசாரிக்க வருவதில்லை. விசாரித்தாலும் கடைசி வாக்கியம் "ஒரு கையெழுத்து" என்றுதான் முடியும்.

அன்று அவர் மேல் வந்து விழுந்தது இடியாப்ப அச்சு. பித்தளை. எறிந்தவன் அவருடைய மகன். எறிவதற்கு முன் அவர் அவன் முதுகில் கைத்தடியால் அடித்திருந்தார். அதற்கு முன் அவன் அவர் தட்டை உதைத்திருந்தான். அதற்கும் முன்னால் போனால் நாம் இருபது வருஷம் பின்னால் போகவேண்டியிருக்கும்.

அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் நடப்பதை இந்தப் பக்கமிருந்து சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். தட்டு சுவரில் மோதினால் குழம்பில் உப்பு. நாற்காலி சாய்ந்தால் அரசியல். எந்தச் சத்தமும் இல்லாமல் தங்கையின் குரல் மட்டும் "விடுங்க, விடுடா" என்று மாறிமாறிக் கேட்டால், ஒருவன் கழுத்தில் இன்னொருவன் கை இருக்கிறது என்று அர்த்தம். அப்போது மட்டும் நான் எழுந்து போவேன்.

தங்கை கணவர் மிளகுத் தரகராக இருந்தவர். கையில் ஒரு பிடி மிளகை எடுத்து உருட்டினால் அது வயநாடா இடுக்கியா என்று சொல்லிவிடுவார். வியாபாரம் அவரை விட்டுப் போய் வெகுநாள் ஆகிறது. குரல் மட்டும் போகவில்லை. மகன் தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தரகு பேசவேண்டும் என்று அவருக்கு ஆசை. மகனோ பஜார் ரோட்டுக் கிட்டங்கியில் சுக்கு மூட்டை தூக்கப் போனான். நாற்பது தாண்டியும் அதே வேலை, பேச்சிலும் பாதி கிட்டங்கி மலையாளம். தோள் இரண்டும் அம்மிக்கல் போல இருக்கும். இடுப்பில் மூட்டைக் கொக்கி. அப்பாவின் வாயும் மகனின் தோளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

இருவருக்கும் நடுவில் என் தங்கை. அவளுடைய இடது மணிக்கட்டு இரண்டு முறை ஒடிந்திருக்கிறது. இரண்டு முறையும் அவள் குறுக்கே கை நீட்டியிருந்தாள். இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். மூன்றாவது முறை விலா எலும்பு. அந்த டாக்டர் பையன் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சேச்சி, ஆ பாத்ரூம் அங்ஙு பொளிச்சு களஞ்ஞூடே?" என்று கேட்டான். அதை இடித்தே போட்டுவிடக் கூடாதா என்று. தங்கை சிரித்தாள். சிரித்ததில் விலா வலித்து அழுதாள்.

அவளுக்கு உயிரோடு இருக்கும் பிள்ளைகள் மூன்று பேர். மூத்த மகள் ஆஸ்திரேலியாவில் குடியேறியவள். அடுத்தது இந்த மகன். கடைசி மகளைப் பாலக்காட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மூத்தவளின் பிரசவத்துக்குத் தங்கை ஒருமுறை அங்கே போய் வந்தாள். கடல், கட்டடம், கங்காரு என்று எதைப் பற்றியும் அவள் பேசவில்லை. "அக்கா, அங்கே கதவை எல்லாரும் மெள்ளச் சாத்தறாங்க" என்று மட்டும் சொன்னாள். அதையே ஒரு மாதம் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அப்பாவையும் அம்மாவையும் நிரந்தரமாகத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று மகள் கேட்டபோது தங்கைக்கு வந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பாவையும் மகனையும் பிரிக்கச் சுவர் போதாது, சமுத்திரம் வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். தங்கை கணவரும் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. "நான் அங்கே செத்தாலும் பெட்டியில போட்டு இங்கேதான் அனுப்பணும். கொள்ளி அவன் வைக்கட்டும். அவன் வேற என்னத்துக்கு ஆவான்?" உயிரோடு அங்கே, பிணமாக இங்கே. இவ்வளவு தெளிவான பயணத் திட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த நாட்டுக்கு ஒரு விதி உண்டு. பெற்றோர் நிரந்தரமாகக் குடியேற வேண்டுமானால் அவர்களுடைய பிள்ளைகளில் பாதிப் பேராவது ஏற்கெனவே அங்கே குடியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று பாதி ஆகாது. தொட்டிலிலேயே போய்விட்ட இரண்டு ஆண் குழந்தைகளை அந்தச் சட்டம் எண்ணுவதில்லை. தங்கை எண்ணுவாள்.

சில ஆண்டுகள் மட்டும் தங்கும் தற்காலிக விசா ஒன்றும் உண்டு. அதற்கு இந்தப் பாதிக் கணக்குத் தேவையில்லை. நான் எடுத்துச் சொன்னேன். "போயித் திரும்பி வர நான் என்ன தபாலா?" என்று கேட்டுவிட்டார் தங்கை கணவர். தங்கையும் அதை விரும்பவில்லை. திரும்பி வருவதைப் பற்றித்தான் அவளுக்குப் பயமே.

காயலுக்கு அக்கரையில், பிராட்வேயில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த ஏஜென்ட் ஒருவன்தான் அவருக்கு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறான். சட்டப்படி வேறொருவருக்குத் தத்துப் போன பிள்ளை பெற்றவர் கணக்கில் சேராது. மூன்று இரண்டாகிவிட்டால் ஒன்று பாதி ஆகிவிடும். "அங்ஙனெ யாராவது உண்டோ சாரே?" என்று அவன் கேட்க, இவர், "உண்டு, தவிட்டுக்கு வித்தது ஒண்ணு உண்டு" என்றிருக்கிறார்.

அது உண்மைதான். இரண்டு ஆண் குழந்தைகள் அடுத்தடுத்துப் போன பிறகு மூன்றாவது ஆணாக இவன் பிறந்தான். நம் ஊர்களில் அப்போது செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். குழந்தையைக் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி, மூக்குக் குத்தி, முறத்தில் கிடத்தி என்னிடம் விற்றார்கள். நான் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கினேன். எமன் மறுபடி வந்து கேட்டால், இது எங்கள் பிள்ளை இல்லை, விற்றுவிட்டோம் என்று சொல்லலாம் அல்லவா. எமன் வரவில்லை. அவனும் தத்துச் சட்டம் படித்திருக்க மாட்டான்.

விற்ற பிள்ளையை அவன் கல்யாணத்துக்கு முன் அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டிலும் அப்பாவும் மகனும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டில் பஜ்ஜித் தட்டுப் பறந்து பெண்ணின் தகப்பனார் மேல் விழுந்தது. அதன் பிறகு யாரும் ஜாதகம் கேட்கவில்லை. அதனால் மீட்புச் சடங்கும் விட்டுப்போயிற்று. வழக்கப்படி பார்த்தால் அவன் இன்னமும் என்னுடைய சொத்து.

தங்கை கணவருக்கு இது வெறும் சடங்கு அல்ல, கையில் எப்போதும் இருந்த ஓர் ஆயுதம். "தவிட்டு விலைக்குப் போனவனே" என்பதுதான் அவர் மகனை அடிப்பதற்கு முன் சொல்லும் மந்திரம். பள்ளிக்கூடத்தில் தோற்ற அன்று, மூட்டை தூக்கப் போன அன்று, பஜ்ஜி பறந்த அன்று, எல்லா நாளும் அதையே சொல்லியிருக்கிறார். இப்போது அதைப் பத்திரத்தில் எழுதி, என்னிடம் கையெழுத்தும் கேட்டார்.

"முடியாது மாப்பிள்ளை. அது தத்து இல்லை."

"ஏன் இல்லை? குடுத்தோம், நீங்க வாங்கினீங்க. தெருவே பாத்துது. பதினஞ்சு வயசு வரை உங்க வீட்லதானே தின்னான்?"

"குடுக்கிற எண்ணத்தோட குடுத்திருக்கணும். நீங்க குடுத்தது எமனை ஏமாத்த."

"இது மட்டும் என்ன? இதுவும் ஒருத்தனை ஏமாத்தத்தான்" என்று பஞ்சை என் மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் தங்கை வந்தாள். கதவைச் சாத்திவிட்டு, சாத்திய கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"அக்கா, அந்த ஒப்பைப் போட்டுடேன்."

"பொய்ப் பத்திரம்டி அது. ஆயுசு பூரா இதையெல்லாம் திருப்பி அனுப்பினவ நான்."

"எமனையே ஏமாத்தினோம். ஒரு ஆபீசரை ஏமாத்த முடியாதா?"

"எமன் சான்று நகல் கேக்க மாட்டான்."

அவள் சிரிக்கவில்லை. "ஒருநாள் ரெண்டு பேர்ல ஒருத்தன் ஒருத்தனைக் கொன்னு போடுவான் அக்கா. எவன் செத்தாலும் எவன் ஜெயிலுக்குப் போனாலும் போறது எனக்குத்தான். அதுக்கு முன்னால இந்த மனுஷனை இங்கேருந்து கொண்டு போயிடணும். பேப்பர்லதானே. அவன் எனக்குப் பிள்ளை இல்லாம ஆயிடுவானா?"

அவள் கையை எடுத்துக்கொண்டதும் கதவு தானாகத் திறந்துகொண்டது. போய்விட்டாள். நான் உட்கார்ந்து வாசகம் யோசிக்க ஆரம்பித்தேன். பணிக்காலம் முழுதும் பொய்யைப் படித்துப் படித்துப் பழகியவளுக்கு ஒரு பொய்யை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது. 'அன்னாரைச் சுவீகாரமாக ஒப்புக்கொடுத்து' என்று எழுதியபோது எனக்குள் ஏதோ கொஞ்சம் இனித்தது. அதை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் இனித்தது.

மகனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அவன் அப்பாவால் ஓர் ஆயுதத்தை உறையிலேயே வைத்திருக்க முடியாது. சாப்பிடும்போது சொல்லிவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. அந்த அமைதியில் நான் எழுந்திருப்பதற்குள் என் வாசல் கதவு உடைந்தது.

உதைத்தான். தாழ்ப்பாள் பறந்துபோய் எதிர்ச் சுவரில் அடித்து விழுந்தது. கையில் மூட்டைக் கொக்கி. என் பீரோவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. அதில் தன்னைப் பார்த்தான் போல. கொக்கியை அதற்குள் இறக்கினான். கண்ணாடி முழுதாகக் கீழே கொட்டியது. அடுத்தது மேஜை. அதன் மேலிருந்த என் சாயா டம்ளர் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போனது. வெளியே ஒரு ஆடு அலறியது. பிறகு கொக்கியோடு என் பக்கம் திரும்பினான். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. தைரியம் அல்ல, முழங்கால் வாதம்.

"பெரியம்மே, சத்தியம் பற. நீ என்னை வாங்கியதா?"

"ஆமாம்."

"எத்தினைக்கு?"

"உனக்குத் தெரியாதா? ஒரு படி."

"ஒரு படி!" கொக்கியை மேஜைப் பலகையில் குத்தி அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சுக்குக்கூட இதவிட வெலை உண்டல்லோ."

"கண்ணாடித் துண்டு காலுல குத்தும். அந்தப் பக்கமா வந்து உக்காரு."

உட்கார்ந்தான். நான் சாயா போட்டேன். குடித்துவிட்டு, பதிவு அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி நிதானமாகக் கேட்டான்.

"ஞான் ஒப்பிட்டா என்ன ஆகும்? சட்டம் பற."

சொன்னேன். தத்துப் போனவனுக்குப் பிறந்த வீட்டோடு உறவு அறுந்துவிடும். அந்த வீட்டுச் சொத்தில் பங்கு இல்லை. அவருக்கு அவன் மகன் இல்லை, அவனுக்கு அவர் தகப்பன் இல்லை. எல்லாக் கடமையும் உரிமையும் வாங்கியவர் பக்கம் வந்துவிடும்.

"எல்லாக் கடமையுமா?"

"எல்லாம்."

அவன் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. அவன் அப்பா தராசில் கை வைக்கும்போது வரும் அதே சிரிப்பு. "எங்கில் ஞான் ஒப்பிடறேன்" என்றான். "ஞாயிற்றுக்கிழமை வச்சா மதி. அன்னைக்கு லோடு இல்லை."

ஞாயிற்றுக்கிழமை குளித்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான், கல்யாண வீட்டுக்குப் போகிறவன் போல. தங்கை வீட்டுக் கூடத்தில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துப் பத்திரத்தை வைத்தார்கள். தங்கை கணவர் மூக்குக்கண்ணாடி போட்டு, புருவத்துத் தையல் தெரிய, உரக்கப் படித்தார்.

"'இனி மேற்படியாருக்கும் எனக்கும் தகப்பன், மகன் என்ற பாத்தியதை ஏதும் இல்லை.' பிரமாதம் மதினி. இதைத்தான் நான் இத்தனை வருஷமாச் சொல்லிட்டிருக்கேன், உங்களை மாதிரி அழகா வரலை."

"இனி என்னை டேய்னு விளிக்கப் பாடில்லா, கேட்டோ" என்றான் மகன்.

"மூட்டைக்காரனை யாருடா விளிக்கப் போறா?"

மகன் கையெழுத்துப் போட்டான். நான் போட்டேன். தங்கை கணவர், பெரிய லோடு ஒன்றை முடித்த தரகர் போல, சுழித்துப் போட்டார். பேனா தங்கையிடம் வந்தது. அவள் அதைச் சரியாகக்கூடப் பிடிக்கவில்லை, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். அப்போது மகன் தொண்டையைச் செருமினான்.

"ஒரு காரியம்கூடி. இந்த ஆள் அங்க சத்தா எனக்கு போன் வேண்டா. பெட்டியும் வேண்டா."

"என்னடா சொல்றே?"

"கொள்ளி. பெரியம்மா சத்தா ஞான் வைக்கும். அவங்க அல்லே வாங்கினது. நீங்க ஆரு எனக்கு? சட்டம் அதாக்கும். கேட்டுப் பாருங்க."

தங்கை கணவர் என்னைப் பார்த்தார். எத்தனையோ பேர் எழுதி முடித்த பத்திரத்தின் அர்த்தத்தை என் மேஜைக்கு முன் நின்று புரிந்துகொண்ட முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இது அந்த முகம்.

"மதினி?"

"கொள்ளியைப் பத்திச் சட்டம் ஒண்ணும் பேசாது மாப்பிள்ளை. உறவு இல்லைன்னு மட்டும் சொல்லும்."

"அது பேப்பர்ல. நான் சொல்றது சுடுகாட்ல. பேப்பர்ல அவன் உங்களுக்கு இருக்கட்டும், சுடுகாட்ல எனக்கு..."

"தவிட்டு விலைக்குப் போனவன் எப்படிக் கொள்ளி வைப்பான்?" என்றான் மகன். குரலைக்கூட உயர்த்தவில்லை. இத்தனை வருஷமாக வாங்கிய ஒரு சொல்லைத் துடைத்து, பளபளவென்று திருப்பிக் கொடுத்தான்.

தடி எப்போது எழுந்தது என்று தெரியவில்லை. அதன் பித்தளைப் பூண் மகனின் காதில் இறங்கிய சத்தம்தான் முதலில் கேட்டது. வெள்ளைச் சட்டையின் தோள் சிவந்தது. இரண்டாவது அடிக்குத் தடியை அவன் பிடித்துக்கொண்டான். முழங்காலில் வைத்து முறித்து எறிந்தான். பிறகு அப்பாவைச் சட்டையோடு தூக்கினான். சுக்கு மூட்டையைத் தூக்குகிற அதே பிடி. சுவரில் சாத்தினான். கிழவரின் கால் தரையில் இல்லை. கழுத்தில் இரண்டு கைகளும் இருந்தன. கிழவர் அவன் முகத்தைப் பிறாண்டினார், புருவத்துத் தையல் பிரிந்து ரத்தம் இருவர் மேலும் தெறித்தது. அந்த நிலையிலும், மூச்சு இல்லாத குரலில், "வைக்க... மாட்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "மாட்டேன்" என்று அவன் அழுத்தினான். "மாட்டியா?" "மாட்டேன்."

நான் அவன் கையைப் பிடித்துத் தொங்கினேன். ஒரு உதறலில் மேஜைக் காலடியில் கிடந்தேன். என் முன்பல் ஒன்று அப்போது போனதுதான்.

தங்கையைத் தேடினேன். அவள் குறுக்கே கை நீட்டவில்லை. மேஜை மேல் பேனா உருண்டுகொண்டிருந்தது. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி. அவள் பின்கட்டுக்குப் போயிருந்தாள். அரிவாளோடு வருவாள் என்று நினைத்தேன். மிளகாய்ப்பொடி என்றும் நினைத்தேன். அவள் முறத்தோடு வந்தாள். அவளுடைய இரண்டு ஆடுகளுக்கு வைத்திருந்த தவிடு, முறம் கொள்ளாமல்.

எனக்கு நேரே வந்து நின்று, முறத்தை அப்படியே என் முகத்தில் கவிழ்த்தாள்.

"இந்தா உன் கிரயம்! ஒரு படிக்கு மேலயே இருக்கு. வட்டியும் வெச்சுக்கோ. என் பிள்ளையைத் திருப்பிக் குடு."

மட்டாஞ்சேரி முழுக்க அன்று தவிடாக இருந்தது போல எனக்குத் தோன்றியது. மூக்கில் தவிடு, கண்ணில் தவிடு, பல் போன இடத்தில் தவிடு. நான் இருமினேன். மகனும் இருமினான், இருமுவதற்குக் கையை எடுத்தான். கிழவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"குடுத்தியா அக்கா? வாயால சொல்லு!"

"குடுத்தேன்" என்றேன். அதை எழுதித் தரச் சொல்லியிருந்தால் அந்த இருமலிலேயே எழுதித் தந்திருப்பேன்.

அதன் பிறகு நடந்ததை எந்தச் சாட்சியாலும் சரியாகச் சொல்ல முடியாது. முறிந்த தடியின் பூண் பக்கத்துத் துண்டை எடுத்தாள். முதல் அடி மகனுக்கு. "இப்ப நீ என் பிள்ளை. பெத்தவன் கழுத்தைப் பிடிப்பியா?" அடுத்தது கணவனுக்கு. கல்யாணமாகி முதல்முறை. "இவனை இனி வித்த பிள்ளைன்னு சொல்லுவியா?" திரும்பவும் மகனுக்கு. திரும்பவும் கணவனுக்கு. எது யாருக்கு என்ற கணக்கே இல்லாமல், முதுகு, தோள், முழங்கால் என்று விளாசினாள். இருமுறை ஒடிந்த மணிக்கட்டுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? கிட்டங்கியில் நான்கு பேர் சேர்ந்தாலும் அடக்க முடியாதவன் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனிந்து நின்றான். அவர் அவனுடைய காலுக்குப் பின்னால் ஒதுங்கினார். அடிக்குப் பயந்து இருவரும் ஒரே மூலையில் சேர்ந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

மூச்சு வாங்க நிறுத்தியபோது மேஜையில் போன் அடித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து மூத்தவள். படத்தோடு அழைத்தாள். கையெழுத்து ஆகிவிட்டதா என்று கேட்க. தங்கை போனைத் தன் முகம் மட்டும் தெரியுமாறு பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, தலையில என்ன அது?"

"தவிடு. நீ கேளு. உனக்குக் கூடப் பிறந்தவங்க இங்கே ரெண்டு பேர் இருக்காங்க. நல்லா எண்ணிக்கோ. ரெண்டு பேர்."

"அப்ப நீ எப்படிம்மா..."

"நான் வரமுடியாது, அதுதானே? தெரியும். கதவை மெள்ளச் சாத்திட்டுப் படுத்துக்கோ போ."

பத்திரத்தைப் பார்த்தேன். மூன்று கையெழுத்து, அதன் மேல் தவிடு, தவிட்டின் மேல் ரத்தம். பணிக்காலத்தில் இதைவிட மோசமான பத்திரங்களைப் பதிவு செய்திருக்கிறேன். இதை மடித்து ஆட்டுக்குப் போட்டேன். பத்திரத்தாள் என்றுகூடப் பார்க்காமல் தின்றது.

அதோடு அடிதடி நின்றதா என்று கேட்டால், இல்லை. ஒரு மாதம் நின்றது. தங்கை கணவர் 'தவிடு' என்ற சொல்லை மட்டும் மறந்துவிட்டார். மற்றச் சொற்கள் எல்லாம் நினைவில் இருந்தன. மகன் என் வீட்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தான். பீரோவுக்குக் கண்ணாடி மாட்டினான். மாட்டிய அடுத்த வாரமே அங்கே நாற்காலி சாய்ந்தது. இப்போது அரசியல் இல்லை. நிஜமாகவே கொள்ளி வைப்பாயா மாட்டாயா என்று இவர் கேட்க, நிஜமாகவே சாவீர்களா மாட்டீர்களா என்று அவன் கேட்டிருக்கிறான்.

அன்று மத்தியானம் தங்கை இரண்டு புடவை, போன், தன் தலையணை மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஆடுகளைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"இங்கே இருக்கப் போறேன்."

"எத்தனை நாள்?"

"நிரந்தரமா."

"அவனை மீட்டுக்கிட்டு இப்ப விட்டுட்டு வர்றியேடி."

"பிள்ளைன்னா பிள்ளைதான். அதுக்காக அவன்கூடவே இருக்கணும்னு எந்த விதியில இருக்கு? நீதான் எல்லாம் படிச்சவளாச்சே, சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். அப்படி எந்த விதியும் இல்லை. கணவனோடு இருந்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. சமுத்திரம் தாண்டுவதற்குத்தான் பாதிக் கணக்கு. சுவரைத் தாண்ட எந்த நாட்டிலும் கணக்குக் கேட்பதில்லை. என் குடியேற்றச் சட்டத்தில் ஒரே ஒரு ஷரத்துதான்: ஆடுகளைப் பின்பக்கம் கட்ட வேண்டும்.

தன் தலையணையை என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, வாசல் கதவைப் போய்ச் சாத்தினாள். மெதுவாக. புதுத் தாழ்ப்பாள் சத்தமே இல்லாமல் விழுந்தது. அதை ஒருமுறை திறந்து, மறுபடியும் சாத்திப் பார்த்தாள்.

இரண்டு பேரும் படுத்தோம். கண் அசரும் நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பெரிதாக விழுந்து உருண்டது. நான் எழுந்து உட்கார்ந்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"எவர்சில்வர்" என்றாள். "உடையாது. படு."